எஸ்தர் என்று கூப்பிட்டால்

மேல்மலையில் நம் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு மேகம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அது வானத்தில் இருப்பது இல்லை. மத்தியானத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து ஏறி வந்து வரப்பில் நிற்கும். கையை நீட்டினால் விரல் தெரியாது. பக்கத்துப் படிநிலத் தட்டில் களையெடுக்கிற ஆள் இருமுவது கேட்கும், ஆளைக் காண முடியாது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நடை பழகும்போதே நமக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். நடக்காதே. இருந்த இடத்தில் உட்கார். உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். "ஏன்" என்று குரல் கொடு. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு யாராவது வந்து சேர்வார்கள்.

நினைவிருக்கிறதா? மூன்று மணிக்கு மேல் நம் காட்டு வேலையே அப்படித்தான் நடந்தது. பூண்டு ஊன்றுகிறவர்களும் களையெடுக்கிறவர்களும் சற்றைக்கொரு தரம் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். பேச ஒன்றும் இருக்காது. கூப்பிட்டால் "ஏன்", அவ்வளவுதான். மலைச்சரிவு முழுக்கப் பேர்களும் "ஏன்"களுமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். யாராவது பதில் சொல்லவில்லை என்றால் எல்லாரும் மண்வெட்டியைக் கீழே போடுவார்கள். அந்தச் சரிவுக்குக் கீழே பாறை விளிம்பு இருந்தது. சோலைக்குள் காட்டுமாடு இருந்தது.

என் தங்கை பதில் சொல்லாமல் போன ஒரு பருவத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்புவரைதான் படிப்பு. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கையின் பேர் எஸ்தர்.

நாங்கள் முருகனைக் கும்பிடுகிற பூண்டுக்காரக் குடும்பம். எங்கள் ஊரில் அப்போது வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடு ஒன்றுகூடக் கிடையாது. அப்படியிருக்க இந்தப் பேர் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கொடைக்கானல் சந்தையில் பலர் அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, "தவிட்டுக்கு வாங்கினோம்ங்க" என்பார். அது விளையாட்டுப் பேச்சு இல்லை, நடந்ததுதான்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது அப்பாவின் அக்கா கீழே அடுக்கம் ஊரிலிருந்து ஏறி வந்தார். அத்தை பேசினால் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"பொறக்குற பிள்ளைக்கெல்லாம் குலசாமி பேரையே வச்சீங்க. உசுரக் கொண்டு போக வர்றவனுக்கு வாசல் அடையாளம் பிடிபட்டுப் போச்சு" என்றார் அத்தை. "இந்தத் தடவ அவன் காதுல விழுகாத பேரா வைப்போம்."

"அப்ப இவன் எப்படி மதினி தப்பிச்சான்?" என்று அம்மா என்னைக் காட்டிக் கேட்டாள்.

"இவன் வாயத் தொறந்தாத்தான வீட்டுல பிள்ள இருக்குன்னே தெரியும். ஆளில்லன்னு திரும்பிப் போயிருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பிள்ளை தங்காத வீடுகளில் பிறந்த குழந்தையை வேறொருவர் வாசலில் கிடத்தி, அவர்கள் எடுத்த பிறகு ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிவருவது வழக்கம். அப்போது அது நம் பிள்ளை இல்லை, வாங்கிய பிள்ளை. எங்கள் நிலத்துக்குக் கீழே, தார்ச்சாலை திரும்பும் இடத்தில் ஒரு பழைய கல் பங்களா இருந்தது. வெள்ளைக்காரர்கள் கட்டியது. முதலாளி எங்கேயோ சென்னையில் இருந்தார், காவல்காரர் குடும்பம் மட்டும் அங்கே இருந்தது. அந்த இரும்புக் கேட்டுக்கு முன்னால் சாக்கை விரித்துத் தங்கையைக் கிடத்தினார்கள். காவல்காரரின் மனைவி எடுத்துக்கொண்டார். அம்மா முறத்தை நீட்டினாள். அத்தை, "விக்கிற பிள்ளைக்குப் பேரு சொல்லிக் குடும்மா" என்றார். அந்த அம்மாள் கொஞ்சம் விழித்துவிட்டு, கேட்டில் இரும்பு எழுத்தில் இருந்த பங்களாவின் பேரைக் காட்டினார்.

"எஸ்தர்னு வைங்க. முந்தி இங்க இருந்த தொரைசாணி பேரு. நல்லா நூறு வயசுக்கு வாழ்ந்தவங்களாம்."

அதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று பிறகு எங்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அடுத்த வருடமே அந்தக் குடும்பம் மலையை விட்டு இறங்கிப் போய்விட்டது.

தங்கை தங்கினாள். கொழுத்துத் திரிந்தாள். அந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் அவள் பேர்தான். சாலை திரும்பும் இடம் எஸ்தர் வளைவு. பங்களாவுக்குப் பின்னால் ஓடுவது எஸ்தர் ஓடை. ஓடைக்கு மேலே அப்பா விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு எடுத்திருந்த பூண்டு நிலம் எஸ்தர் காடு. வேலியோரத்துப் பேரிக்காய் மரத்தைக்கூட எஸ்தர் மரம் என்போம். காலையில் வரும் பஸ் வளைவில் நிற்கும்போது கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "எஸ்தர், எஸ்தர், எறங்கு" என்பார். சாலையோரம் ஆட்டுக்குட்டியோடு நிற்கிற தங்கை, "நான் ஏறவே இல்லையே" என்பாள். பஸ் முழுக்கச் சிரிக்கும். அவளுக்கு அது தினம் வேண்டும். தலையில் சாக்குக் கொங்காணியைக் கவிழ்த்துக்கொண்டு மழையிலும் போய் நிற்பாள். இப்போது யாரும் கோணிச் சாக்கைக் கூம்பாக மடித்துத் தலைக்குப் போடுவதில்லை. அந்தச் சாக்குக்குள் உள்ள வாசனை, ஈரச் சணலும் பூண்டும் கலந்தது, எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

மலையும் சாலையும் தன்னுடையது என்றே அவள் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவளுக்கு ஏழாவது வயது நடந்துகொண்டிருந்தபோது பங்களாவுக்குப் புதுக் காவல்காரர் வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். வேதக்காரர். ஒற்றை ஆள். சும்மா இருக்கத் தெரியாதவர். வந்த மாதத்திலேயே பங்களாவுக்குப் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்த முட்புதரை வெட்டத் தொடங்கினார். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள் தங்கை ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். பாவாடையெல்லாம் சேறு.

"அம்மா, எம் பேருல ஒரு கல்லு இருக்கு. காவல்காரத் தாத்தா காட்டுச்சு."

"என்ன கல்லு?"

"படுக்க வச்ச கல்லு. உள்ள இன்னொரு எஸ்தர் தூங்குதாம். நான் பூ வச்சிட்டு வந்தேன்."

அம்மா விதைக்கு உடைத்துக்கொண்டிருந்த பூண்டை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தாள். நானும் பின்னால் ஓடினேன். காவல்காரர் கல்லறையின் ஓரங்களுக்குச் சுண்ணாம்படித்து வைத்திருந்தார். கல்லறைத் திருநாள் வருகிறதாம், மெழுகுவத்தி ஏற்ற வேண்டுமாம். அம்மாவைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சிரித்தார்.

"வாங்க தாயி. பாருங்க, ஒங்க புள்ளைக்கும் இந்தப் புள்ளைக்கும் ஒரே பேரு. இந்தத் தொரை ஊட்டுப் புள்ள பேரத்தான் பங்களாவுக்கு வச்சிருக்காங்க."

"தொரைசாணி இல்லையா?"

"இல்லங்க. சின்னப் புள்ள. இந்தா எழுதியிருக்கே."

"என்ன வயசு போட்டிருக்கு?"

அவர் குனிந்து பாசி பிடித்த எழுத்தை விரலால் தடவிப் படித்தார். "ஏழு."

அம்மா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பொம்மைத் தொட்டில் அளவுக்குத்தான் இருந்தது அது. தங்கை வைத்த மஞ்சள் காட்டுப்பூக்கள் மேலே வரிசையாக இருந்தன. அம்மா திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அவனுக்குத் தெரியாத பேருன்னு வச்சோம். அவன் ஒரு தடவ கொண்டு போன பேரத் தேடி எடுத்து வச்சிருக்கோம்."

அப்பா, "கிறுக்கு மாதிரிப் பேசாத. வெரசா சோத்தப் போடு" என்றார். ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அந்த வாரமே எல்லாரும் பழனிக்கு இறங்கினோம். தங்கைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசினார்கள். மலைக்கோயிலில் அர்ச்சனை செய்து பழனியம்மா என்று புதுப் பேர் வைத்தார்கள். அவளுக்குப் பஞ்சாமிர்தம் பிடித்திருந்தது, மொட்டை பிடித்திருந்தது, பேர் பிடிக்கவில்லை.

"நம்ம ஊருல எல்லாரும் பழனியம்மாதானம்மா. டீக்கடை அக்கா பழனியம்மா. பெரியவீட்டு ஆத்தாவும் பழனியம்மா."

"ஆமா. அவங்கள்லாம் இருக்காங்கள்ல?" என்றாள் அம்மா. "நீயும் இரு."

திரும்பி வரும்போது பஸ் வளைவில் நின்றது. கண்டக்டர் வழக்கம்போல, "எஸ்தர், எஸ்தர், எறங்கு" என்றார். அம்மா இரண்டு கையாலும் தங்கையின் காதைப் பொத்தினாள். சந்தனம் அம்மாவின் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து நாங்கள் வளைவில் இறங்குவதில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவோம்.

அதற்குப் பிறகுதான் அம்மா அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தாள்.

"யாரு அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஏன்னு கேக்கக் கூடாது. வெளங்குதா? கூப்பிடுறது யாருன்னு நமக்குத் தெரியாது."

"அப்பா கூப்பிட்டா?"

"கேக்கக் கூடாது."

"நீ கூப்பிட்டா?"

"என் குரல்லயே கூப்பிடும். அப்பவும் கேக்கக் கூடாது."

சொன்னதோடு விடவில்லை. சோதித்துப் பார்த்தாள். தங்கை அடுப்புக்கு முன்னால் குளிர் காய்ந்துகொண்டிருப்பாள். அம்மா வெளியே போய், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "எஸ்தரு" என்று கொஞ்சலாகக் கூப்பிடுவாள். தங்கை "ஏன்" என்றால் உள்ளே வந்து தொடையில் கிள்ளுவாள். முதல் சில நாட்கள் தங்கையின் தொடை கன்றிப் போயிருந்தது. அவள் தூங்கும்போது கூப்பிடுவாள். விளையாடும்போது கூப்பிடுவாள். கையில் பனங்கற்கண்டை வைத்துக்கொண்டு கூப்பிடுவாள். தங்கை கெட்டிக்காரி. சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். அந்தப் பேர் காதில் விழுந்தால் அவள் முகத்தில் ஒன்றுமே அசையாது. சுவரில் மாட்டிய படம் மாதிரி இருப்பாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "கெட்டிக்காரி" என்று உச்சியில் முத்தம் கொடுப்பாள்.

இதை நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா அவளைக் கொஞ்சலாகக் கூப்பிட்டது அந்தப் பருவத்தில் அந்தச் சோதனைகளில் மட்டும்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஊர்க்காரர்கள் மாறவில்லை. அவர்களுக்கு அவள் எஸ்தர்தான். அவள் திரும்பாமல் போனால், "பழனிக்குப் போய் வந்ததும் பிள்ளைக்கு ஏத்தம் கூடிப்போச்சு" என்பார்கள். அப்பாவும் பாதி நேரம் மறந்துவிடுவார். நான் எந்தப் பேரையும் சொல்ல மாட்டேன். போய்த் தோளைத் தொடுவேன்.

கார்த்திகையில் ஒரு நாள் எங்கள் காட்டில் பூண்டு ஊன்றினோம். அவர்கள் காட்டில் நாங்கள் செய்த வேலைக்கு ஈடாக ஊரிலிருந்து மாற்றாள் வந்திருந்தார்கள். தங்கை காட்டுக் குடிசைப் பக்கம் ஆட்டுக்குட்டியோடு இருந்தாள். மத்தியானத்துக்கு மேல் மேகம் ஏறியது. வழக்கம்போலக் கூப்பிடத் தொடங்கினார்கள். பேர், ஏன். பேர், ஏன். அப்பா, "எஸ்தரு" என்றார்.

பதில் இல்லை.

"எஸ்தரு, ஏத்தா எஸ்தரு."

அப்பா மண்வெட்டியைப் போட்ட சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொரு தட்டிலும் மண்வெட்டிகள் விழுந்தன. குடிசையில் அவள் இல்லை. ஆட்டுக்குட்டி மட்டும் நின்றது. அம்மா யாருக்கும் காத்திராமல் பங்களாவின் பின்பக்கம் ஓடினாள். சரிவில் விழுந்து எழுந்து ஓடினாள். நானும் அவள் சேலை நிறத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். கல்லறையில் யாரும் இல்லை. கல்லின் மேல் மஞ்சள் பூக்கள் இருந்தன. அப்போது பறித்தவை. காம்பில் பால் வடிந்துகொண்டிருந்தது. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேலே மலை முழுக்க அந்தப் பேர் கேட்டது. ஆண்கள் குரல், பெண்கள் குரல். தெரிந்த குரலெல்லாம் மேகத்துக்குள் போனதும் வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. எஸ்தரு, எஸ்தரு. பாறையில் பட்டுத் திரும்பி வரும்போது கூப்பிட்டது யார் என்றே தெரியவில்லை. காவல்காரர் அரிக்கேன் விளக்கோடு ஓடையோரம் அலைந்தார். அம்மாவை விட்டு மேகத்துக்குள் தள்ளிப் போய் நின்று நானும் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

திடீரென்று அம்மா எழுந்து சாலைக்கு ஓடி வந்தாள். வளைவில் அப்பாவும் ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள்.

"நிப்பாட்டுங்க" என்றாள். "அந்தப் பேரச் சொல்லாதீங்க. அவ கேட்டுக்கிட்டுத்தான் இருப்பா. பதில் சொல்ல மாட்டா."

"ஏன் சொல்ல மாட்டா?" என்றார் அப்பா.

"நாந்தான் சொல்லிவச்சிருக்கேன். நாந்தான் அவ வாயக் கட்டிவச்சிருக்கேன்."

கீழே பாறை விளிம்புப் பக்கம் யாரோ இன்னும் எஸ்தர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா குரலை இறக்கிக் கேட்டார்.

"அப்ப என்னன்னுதான் கூப்பிட?"

"பழனியம்மான்னு கூப்பிடுங்க."

எல்லாரும் அந்தப் பேரைக் கூப்பிட்டார்கள். உடனே மேட்டிலிருந்து, "ஏன்?" என்று பதில் வந்தது. அப்பா அந்தத் திசைக்குப் பாய்ந்தார். டீக்கடை அக்காதான் மேகத்துக்குள்ளிருந்து வந்தார்.

"நான் இங்கனதான நிக்கிறேன். பிள்ளையத் தேடுங்கன்னா என்னையத் தேடிக்கிட்டுக் கெடக்கீங்க."

இன்னொரு பக்கத்திலிருந்து பெரியவீட்டு ஆத்தாவும், "ஏன்?" என்றார். அதை நினைத்துப் பல வருடம் கழித்துச் சிரித்திருக்கிறோம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. குளிர் எலும்பில் ஏறியது. கூப்பிட இனிப் பேர் இல்லை. ஒரு பேருக்கு அவள் பதில் சொல்ல மாட்டாள், இன்னொரு பேர் தன்னுடையது என்று அவளுக்கே இன்னும் மனதில் பதியவில்லை.

அம்மா சாலையோரக் கட்டையில் உட்கார்ந்தாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டத் தொடங்கினாள். கூப்பிடவில்லை, யாரையும் பார்க்கவில்லை. தினமும் சாயந்திரம் அடுப்படியில் திட்டுவாளே, அதே குரல், அதே இழுப்பு.

"இவளுக்கு இங்க என்ன சோலி. வெள்ளனே வீட்டுக்கு வான்னு சொன்னா கேக்குறாளா. இருக்குறது ரெண்டு பாவாடை. அதையும் சேறாக்கிட்டு வரட்டும், தொடையில சூடு வைக்கிறேன். அங்க அவரைக்கா வெந்து அடிப்பிடிச்சுப் போயிருக்கும். ஒங்கப்பன் வந்து வெறுஞ்சட்டியத்தான் நக்கணும். மூக்கு ஒழுகுனா சிந்தத் தெரியாது, என் முந்தானையில தொடைக்கிறது. எருமமாடு. எல்லாம் நான் குடுத்த செல்லம்..."

"பாவாடையத் தூக்கித்தான் பிடிச்சிருக்கேன்" என்று ஒரு குரல் கேட்டது.

எங்கள் காலுக்குக் கீழேதான். சாலைக்கு அடியில் ஓடை போகிற பாலத்துக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். அப்பா அதன் மேல் எத்தனையோ தடவை நடந்திருக்கிறார். அப்பா இறங்கிப்போய்த் தூக்கினார். சாக்குக் கொங்காணியோடு உதடு நீலம் பாய்ந்து கிடந்தாள், ஆனால் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். அம்மா வீடு வரும்வரை திட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் கைவிட்டுப் போய்விடுவாள் என்பது மாதிரி, அப்பாவின் தோளுக்குப் பின்னால் திட்டிக்கொண்டே நடந்தாள்.

அடுப்புக்கு முன்னால் கம்பளியைச் சுற்றி உட்காரவைத்த பிறகு அப்பா கேட்டார். "நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஏன்னு கேக்கக் கூடாதா?"

"நீங்கதான்னு எப்படித் தெரியும்? எல்லாருமே அந்தப் பேரச் சொன்னாங்க."

"பெறகு எப்படித் தெரிஞ்சுச்சு?"

தங்கை யோசித்தாள். "பேய் திட்டாதுல்ல."

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்திருப்பாள். ஆனால் தங்கை இன்னும் ஒன்றைச் சொன்னாள். "ஒரு சின்னப் பிள்ளையும் கூப்பிட்டுச்சு. அழுது அழுது கூப்பிட்டுச்சு. கல்லுப் பக்கத்துலருந்து."

அம்மாவின் முகம் மாறியது. "என்ன மாதிரிப் பிள்ள?"

"பொம்பளப் பிள்ள."

அது நான்தான். அப்போது எனக்குக் குரல் உடையவில்லை. அதைச் சொன்னேன். "அம்மா, அது நான் கூப்பிட்டது."

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரித் தலையைத் தடவினாள். "நீ எங்கடா கூப்பிட்ட. ஒனக்குச் சத்தமே வராதேடா."

நான் மறுபடியும் சொன்னேன். அப்பாவிடமும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நான் கத்தி அவர்கள் யாருமே கேட்டதில்லை. அம்மாவுக்குக் கணக்கு நேராகிவிட்டது. அது கூப்பிட்டிருக்கிறது, பிள்ளை ஏமாறவில்லை, சொல்லிவைத்தபடி வாயை மூடிக்கொண்டதால் தப்பித்தாள். காவல்காரரிடம் போய் அந்தக் கல்லுக்கு ஒரு மெழுகுவத்தி வாங்கிக் கொடுத்தாள். என் பிள்ளையை விட்டுவிடு என்று கேட்டிருப்பாள். தங்கைக்கு ஏழு முடிந்து எட்டு பிறந்தது. ஆனாலும் அம்மா அந்தப் பழக்கத்தை விடவில்லை. அவள் பெரியவளாகும்வரை, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நம் மலை இப்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பங்களா தங்கும் விடுதியாகிவிட்டது. இரவில் அந்தப் பேர் நீல விளக்கில் எரிகிறது. வெளியூர்க்காரர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் கல் இருக்கிறதா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் அந்த வழியாக நடந்தால் என் சின்ன வயதுக் குரல் இன்னும் அங்கே கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறதோ என்று தோன்றும். எங்கள் வீட்டு நினைவில் அது எப்போதோ அந்தக் கல்லறைப் பெண்ணுடையதாகிவிட்டது. சில நாட்களில் எனக்கே சந்தேகம் வரும்.

தங்கையைக் கீழே பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்தோம். அங்கே அவள் பழனியம்மா மட்டும்தான். நெல்லும் தென்னையும் உள்ள வீடு. நல்லா இருக்கிறாள். மாப்பிள்ளைதான் கேலி செய்வார். "மச்சான், ஒங்க தங்கச்சிக்குக் காது டமாரமா? ஒரு தடவ கூப்பிட்டாத் திரும்பவே மாட்டேங்குது."

போன வருடம் அம்மாவுக்கு மலைக்குளிர் ஆகவில்லை என்று தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனோம். அப்பா முன்பே இறந்துபோயிருந்தார். அம்மாவுக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. என்னை அப்பா என்று நினைத்தாள். கட்டிலில் படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்து, "மேகம் ஏறிருச்சா?" என்பாள். வெளியே பாலசமுத்திரத்து வெயில் கொளுத்தும்.

பிறகு அவள் அந்தப் பேரைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"எஸ்தரு... எஸ்தரு..."

கொஞ்சலான குரல். தங்கை கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். பதில் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், "யாருப்பா அது எஸ்தரு? கடைசி நேரத்துல தேடுது, வரச் சொல்லுங்க" என்றார்கள். அம்மா நாள் முழுக்கக் கூப்பிட்டாள். தங்கை என்னைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டாள்.

"அண்ணே, அது அம்மாதானா?"

"அம்மாதான் தாயி. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"நான் ஏன்னு கேக்கவா?"

"கேளு."

அவள் போய் அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். அடுத்த தடவை அம்மா கூப்பிட்டதும், "ஏம்மா? இங்கதான் இருக்கேன்" என்றாள். குரல் அவளுடைய குரல் மாதிரியே இல்லை. சின்னப் பிள்ளைக் குரலாக வந்தது.

அம்மா திடுக்கிட்டாள். கண் விரிந்து வாய் கோணியது. கையை எடுத்துத் தங்கையின் தொடையைத் தேடினாள். விரலில் பலம் இல்லை, சேலையைத்தான் பற்ற முடிந்தது.

"ஏன்னு கேட்டுட்டியே" என்றாள். "என் குரல்லயே கூப்பிடும்னு சொன்னேனேடி. இப்பிடிக் கேட்டுட்டியே."

அன்று முழுக்க அழுதாள். கஞ்சி இறங்கவில்லை. தங்கையும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அம்மா தேடிக் கூப்பிடவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் இன்னும் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அம்மா மறுபடி கூப்பிட்டாள். "எஸ்தரு..." தங்கை அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். கண்ணீர் தாடையில் வழிந்து சொட்டியது, ஆனால் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா என்னவோ சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அம்மா இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு தலையைச் சற்றுத் தூக்கிக் காது கொடுத்துக் கேட்டாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"கெட்டிக்காரி" என்றாள் அம்மா.

முகம் தெளிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை.